துயரத்துக்குச் செவிகொடுக்கும் நேரம்

கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், அறுபத்தைந்தாம் வயதில் ஒரு குறும்படத்தை இயக்கினேன். என் மனைவி காலமான மறு ஆண்டு அது. திரைத்துறையில் எனக்கு முன்அனுபவம் ஏதுமில்லை. படத்தொகுப்பு பயின்ற பழைய மாணவர் ஒருவர் துணை நின்றார். என் சேமிப்பிலிருந்து சிறிது பணம், இரண்டு நாள் படப்பிடிப்பு, பதினான்கு நிமிடப் படம் - அவ்வளவுதான். ஆனால், நான் வகுப்பறையில் சொல்லிவந்த சில பாடங்களை அந்தச் சிறு முயற்சிதான் எனக்கே விளங்கவைத்தது.

கதை எளியது. மனைவியை இழந்த முதியவர் ஒருவர், அவருடைய புடவைகளை வாரந்தோறும் தெருமுனைத் தேய்ப்பு வண்டிக்குக் கொண்டுசெல்கிறார். யாரும் உடுத்தாத புடவைகள். சென்ற வாரம் போட்ட மடிப்பு கலையாமலேயே திரும்பி வருகின்றன. துணி தேய்ப்பவருக்கு விஷயம் புரிகிறது. இது கற்பனைக் கதை என்று மாணவரிடம் கூறினேன். பாதிதான் கற்பனை.

என் திரைக்கதையில், 'இந்தப் புடவைகளை யார் கட்டுகிறார்கள்?' என்று அவர் கேட்பதாகவும், முதியவர் மனம் உடைந்து அழுவதாகவும் இரண்டு பக்க உரையாடல் எழுதியிருந்தேன். அந்தப் பாத்திரத்தில் நடிக்க எங்கள் தெருவில் துணி தேய்ப்பவரே இசைந்தார். ஒத்திகையில் அவர் தயங்கி நின்றார். 'இதை நான் கேக்க மாட்டேன் சார். தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்?' என்றார். பின் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். புடவையைப் பிரித்தார், தண்ணீர் தெளித்தார், முழுவதும் தேய்த்து மடித்தார், கூலிக்குக் கை நீட்டினார். கூலி எதற்கு என்றேன். 'காசு வாங்கலேன்னா அடுத்த வாரம் நீங்க வர மாட்டீங்களே' என்றார்.

விலை கொடுத்ததும் வாங்குபவருக்கும் விற்பவருக்குமான உறவு முடிந்துவிடுகிறது என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கோ, அந்தச் சிறு தொகைதான் உறவு தொடர வழிவிட்டது. இரக்கம் காட்டியிருந்தால் முதியவர் கூசிப்போயிருப்பார். உரையாடல் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

வசனமின்றித் துயரம் பார்வையாளருக்குப் புரியுமா என்ற ஐயம் எனக்கிருந்தது. மாணவர் குலெஷோவைப் பற்றிச் சொன்னார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், ரஷிய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகக் காட்சியை, சூப் கிண்ணம், சவப்பெட்டி, இளம்பெண் ஆகிய காட்சிகளுடன் தனித்தனியே இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டனர் என்பது திரைக்கல்வியின் தொடக்கப் பாடம். துயரத்தை நடிகர் முகத்தில் ஏற்றிக்காட்ட வேண்டியதில்லை; இரு காட்சிகளுக்கு இடையே பார்வையாளரே அதை வைத்துக்கொள்கிறார்.

2015-இல் ஆஸ்கர் விருது பெற்ற 'தி போன் கால்' என்ற குறும்படம் இதற்கு நல்ல சான்று. மேட் கிர்க்பி இயக்கியது. நெருக்கடி உதவித் தொலைபேசி மையத்தில் பணியாற்றும் பெண்ணாக சாலி ஹாக்கின்ஸ். மனைவியை இழந்து வாழ விரும்பாத முதியவரின் குரலாக ஜிம் பிராட்பென்ட். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, முன்பின் அறியாத இருவர். படத்தின் பெரும்பகுதி அந்தப் பெண் கேட்பதுதான். குறைந்த வசதிகளைக் கொண்டே எடுக்கக்கூடிய கதையைத் தேர்வது சுயாதீனப் படைப்பாளிக்குச் சிக்கனம் மட்டுமல்ல, அதுவே அழகியலும் ஆகிறது.

படப்பிடிப்பில் நான் எதிர்பாராத ஒரு நிமிடமும் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் காட்சிகள் முடிந்தபின், அனைவரும் அசையாமல் நிற்க, வெற்று அறையின் ஒலியை மட்டும் பதிவுசெய்வார்கள். படத்தொகுப்பில் வசனங்களுக்கு இடையே ஒலி அறுந்துபோகாமல் இருக்க இது தேவை. என் வீட்டுக் கூடத்தில் அப்படி நின்றபோது, மின்விசிறியின் முனகலும் தெருவின் இரைச்சலும் மட்டுமே கேட்டன. மனைவி போனபின் அந்த அறையை நான் ஒருமுறைகூட அவ்வாறு கேட்டதில்லை. எப்போதும் தொலைக்காட்சியை ஓடவிட்டிருந்தேன்.

படத்தொகுப்பில் எங்களிடையே ஒரே ஒரு பிணக்கு. ஒரு புடவையைத் தேய்த்து முடிக்கும் காட்சி எழுபது விநாடிகள் நீண்டது. கைப்பேசியில் பார்ப்பவர்கள் பொறுக்க மாட்டார்கள், இருபது விநாடிகள் போதும் என்றார் மாணவர். குறைத்துப் பார்த்தோம். அப்போது அது ஒரு தொழில் நடக்கும் காட்சியாகத் தெரிந்தது. எழுபது விநாடிகளில்தான் ஒருவர் மற்றவருக்காகச் செலவிடும் நேரமாகத் தெரிந்தது. மாணவரே நீளமான காட்சியைத் திரும்பச் சேர்த்தார்.

பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவெனும் 1966-இல் நிகழ்த்துகலைகள் குறித்து எழுதிய நூல் அப்போது நினைவுக்கு வந்தது. ஆலைகளில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் உழைப்பு நேரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் நால்வர் வாசிக்க வேண்டிய இசைப் படைப்புக்கு இன்றும் நால்வரும் அதே நேரமும் தேவை. அதனால் அதன் ஒப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. துயரத்தைக் கேட்பதும் அத்தகைய வேலைதான். எந்தத் தொழில்நுட்பமும் ஒரு மணி நேரத்துக் கேட்டலைப் பத்து நிமிடமாக்கிவிட முடியாது. மற்ற எல்லாம் விரைவாகிவிட்ட காலத்தில் அது நமக்குக் கட்டுப்படியாகாததாகத் தோன்றுகிறது. எனவேதான் இரங்கலைக் கைப்பேசிச் செய்தியில் முடித்துக்கொள்கிறோம்.

என் வீட்டிலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர்கள் ஊர் திரும்பினர். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை; அவரவர்க்கு வேலை இருந்தது. அதன்பின் எனக்கு நேரம் ஒதுக்கியவர், துணிகளின் எண்ணிக்கைக்கு அப்பால் என்னோடு அதுவரை பேசியிராத ஒருவர்.

குறும்படங்களுக்குத் திரையரங்குகளில் இடமில்லை. எங்கள் படத்தை மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டித் திரையிட்டோம். தெருவார் முப்பது பேர் பார்த்தனர். சந்தையில் அதற்கு விலை இல்லை. ஆயினும், துயரம் நேர்ந்த வீடொன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு நாள் அங்கே செல்லுங்கள். ஆறுதல் சொற்களைத் தேட வேண்டாம். சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).