சாரத்துல இருந்து செங்கல் விழுந்தா யார் பொறுப்பு? காயம்பட்ட தொழிலாளிக்குச் சட்டம் என்ன தருகிறது?

கப்பியில் ஏறிக்கொண்டிருந்த கலவைச் சட்டி நழுவுகிறது. அல்லது சாரத்தின் ஓரத்தில் அடுக்கிய செங்கலில் ஒன்று சரிகிறது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்தபடி உட்காருகிறார். அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஓட்டம். குமரி மாவட்டத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அடுத்து வரும் வசனமும் பழகியதுதான்: "கேஸு கீஸுன்னு போவாண்டாம், செலவ நான் பாத்துக்கிடுகேன்."

கான்ட்ராக்டர் நல்ல மனசோடுகூட அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் செலவு அவர் செய்யும் உதவி அல்ல. சட்டப்படி அவர் கொடுத்தே ஆக வேண்டிய தொகை, அதுவும் மொத்தத்தில் ஒரு பகுதி மட்டும்தான்.

யார் தவறு என்று நிரூபிக்கணுமா?

வேண்டாம். பலருக்கும் தெரியாத விஷயம் இது. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கேட்டது ஒன்றுதான்: வேலை காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டதா? ஆம் என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். செங்கலை யார் தட்டிவிட்டார்கள் என்ற ஆராய்ச்சி தேவையில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்த அடிப்படை அதிலும் மாறவில்லை.

"அவன் ஹெல்மெட் போடல" என்பது முதலாளி தரப்பின் வழக்கமான பதில். ஹெல்மெட்டே வாங்கித் தராதவர் இதைச் சொல்ல முடியாது. தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால், அல்லது விபத்துக்குக் காரணம் குடிபோதை என்றால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆனால் உயிரிழப்புக்கும், நிரந்தரமாக முழுவதும் முடங்கிப் போனவருக்கும் அந்தச் சாக்கும் செல்லாது.

கான்ட்ராக்டர், சப்-கான்ட்ராக்டர், மேஸ்திரி என்று சங்கிலி நீண்டால்? வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட பில்டரிடமே கேட்கலாம். கொடுத்ததை அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். சொந்த வீடு கட்டுபவர் விஷயம் கொஞ்சம் வேறு. அவரே ஆள் வைத்து நேரடியாகக் கூலி கொடுத்தால் அவர்தான் முதலாளி. மொத்தமாகக் கான்ட்ராக்ட் விட்டிருந்தால் முதல் பொறுப்பு கான்ட்ராக்டருக்கு.

எவ்வளவு கிடைக்கும்?

சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவு முழுவதும் ஒரு பக்கம். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் போனால், மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் மாதச் சம்பளத்தில் 25%. நிரந்தரப் பாதிப்பு என்றால் சம்பளத்தில் 60%-ஐ வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தால், முழு ஊனத்துக்கு 18,71,820 ரூபாய். ஒரு கண் மட்டும் பறிபோனால் அட்டவணைப்படி 40% இழப்பு, அதாவது 7,48,728 ரூபாய்.

ஏன் 15,000? பழைய சட்டத்தின் கீழ் 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு அது. தினம் 1,000 ரூபாய் கூலியில் 25 நாள் வேலை பார்த்தாலும் கணக்கில் வருவது 15,000 மட்டுமே. கொத்தனார் கூலி எங்கேயோ போய்விட்ட காலத்தில் இது நியாயமான வரம்பு இல்லை.

சதவீதத்தில்தான் பெரும்பாலும் சண்டை வரும். அட்டவணையில் இல்லாத தலைக்காயம், முதுகெலும்புக் காயத்துக்கு டாக்டரின் மதிப்பீடு முக்கியம். ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் மரவேலை செய்த தச்சர் 1969-ல் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கைதானே போனது, பகுதி ஊனம்தான் என்றது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, இது முழு ஊனமே என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடம்பில் எவ்வளவு போனது என்பதோடு, அவர் பார்த்த வேலையை இனிப் பார்க்க முடியுமா என்பதும் கேள்வி. இழப்பீடு விபத்து நடந்த நாளிலிருந்தே சேர வேண்டியது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12% வட்டி. நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50% வரை அபராதம்.

ஆஸ்பத்திரியில் கவனம்

"வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்துவிட்டால் பிறகு ரொம்பச் சிரமம். எங்கே, எந்த வேலையில், என்ன விழுந்தது என்பதை அப்படியே சொல்லிப் பதியுங்கள், நகல் வாங்குங்கள். சாரத்தைப் பிரிக்கும் முன் கூட வேலை பார்த்தவர் ஒருவர் போட்டோ எடுக்கட்டும். சம்பள ரசீது இல்லையென்றால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட், மேஸ்திரியின் வாட்ஸ்அப் மெசேஜ், உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சி எல்லாம் உதவும். போலீஸ் புகார் தனிப் பாதை. அஜாக்கிரதையால் காயம் ஏற்படுத்தியதாக பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவில் வழக்குப் பதியலாம்.

முத்திரைத்தாளில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டாச்சா? உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைச் சட்டம் செல்லாது என்கிறது.

மனு போட இரண்டு ஆண்டு அவகாசம். திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்குப் போய் அடிபட்டு வந்தவர்கள் குமரியில் நிறைய. அவர்கள் கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை. தான் வசிக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனு போடலாம். அந்த அதிகாரி யார் என்பதை நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். இஎஸ்ஐ-யில் பதிவு செய்யப்பட்டவர் என்றால் இந்தப் பாதை இல்லை. பணப்பலன் அங்கிருந்துதான் வரும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உதவி தனி.

சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். அங்கே 15,000 வரம்பு கிடையாது. ஆனால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், காலமும் பிடிக்கும். ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் கேட்க முடியாது என்பதால் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த வழியாகச் சும்மா நடந்துபோனவர் மீது விழுந்தால் அவருக்கு சிவில் கோர்ட்தான். 2025 ஜூன் 12 அன்று சென்னை ராமாபுரத்தில் மெட்ரோ பணியின் கர்டர்கள் விழுந்ததில் இறந்தவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தவர். இப்படிப்பட்டவர்களுக்குக் கைகொடுப்பது 1863-ல் வந்த ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பு. லிவர்பூலில் ஒரு கடை மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் தெருவில் போனவர் மேல் விழுந்தது. பீப்பாய் தானாக விழாது. எப்படி விழுந்தது என்று கடைக்காரர்தான் விளக்க வேண்டும் என்றது கோர்ட். டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில் 1966-ல் நம் உச்ச நீதிமன்றமும் இந்தத் தர்க்கத்தையே ஏற்று மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.