நாடி விரிந்தது சரி, ஆயுள் நீண்டதா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். கனடாவிலிருக்கும் மாமா விற்றமின் டி குளிசை ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தக்குழாயை இது சரியாக்கும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். குடுக்கலாமா?"

மாமாவைக் குறைசொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியச் சங்கதிகளில் முக்கால்வாசி காற்றில் பிறந்தவை. இதற்கு ஓர் அப்பன் இருக்கிறான். 2017இல் இந்தியாவின் சண்டிகாரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில், விவேகானந்த் ஜா உள்ளிட்ட குழுவினர் செய்து வெளியிட்ட சோதனை அது. 120 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் மூன்றாம் அல்லது நான்காம் கட்டச் சிறுநீரக நோய். குருதியில் விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமோ அதற்கும் குறைவோ. நீரிழிவு எவருக்கும் இல்லை. பாதிப்பேருக்கு 3 இலட்சம் அலகு விற்றமின் டி ஒரே தடவையில், எட்டு வாரம் கழித்து மீண்டும் அதே அளவு. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. 16ஆவது வாரம் அளந்தபோது, மருந்து குடித்தவர்களின் கைநாடி முன்னைவிட நன்றாக விரிந்தது. இரு கூட்டத்துக்கும் இடையே வித்தியாசம் 5.49 சதவீதப் புள்ளி.

இந்த எண்ணைப் பிறகு குடைவோம். எனக்கு ஆர்வம் அவர்கள் எதை அளந்தார்கள் என்பதில்.

முன்கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைக் கட்டி ஐந்து நிமிடம் குருதியை மறித்துவிடுவார்கள். பிறகு காற்றைச் சட்டென்று இறக்குவார்கள். பட்டினி கிடந்த முன்கை குருதியை அள்ளி இழுக்கும். அந்த வேகம் மேற்கை நாடி வழியாகப் பாயும். ஸ்கானில் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு நிமிடம் அளவில் அந்த நாடி விரிவது தெரியும். உள்ளிருந்து அமுக்கம் தள்ளியதால் வந்த விரிவல்ல இது. தன் சுவரை உரசிக்கொண்டு குருதி ஓடுவதை நாடி உணர்ந்து, தானே இடம் கொடுக்கிறது.

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. மாரியில் வாவி நிறைந்து மேற்கே படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கினால், பாலமீன்மடுப் பக்கம் மணல்திட்டில் பெக்கோ இறங்கும். அது வெட்டுவது ஒரு சின்ன வாய்க்கால்தான். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். ஓட ஓட வாய் அகலும், அகல அகல ஓட்டம் கூடும். நாடியிலும் ஓட்டம்தான் அகலத்தைக் கேட்டு வாங்குகிறது. ஆனால் நாடிச்சுவர் மணலைப்போல் அரிபட்டுப் போனால் ஆள் முடிந்தார். ஆகவே, அந்த மணல்திட்டின் விளிம்பு நெடுக ஒற்றை வரிசையில் காவலாட்கள் காலைத் தண்ணீரில் வைத்தபடி நிற்கிறார்கள் என்று வையுங்கள். இவர்கள் அகவணிக் கலங்கள். ஓட்டம் காலை இழுத்ததும் ஒரு விசில் அடிப்பார்கள். விசிற்சத்தம் என்பது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு. அவர்களுக்குப் பின்னால் கரையைக் கயிறு கட்டி இறுக்கிப் பிடித்திருப்போர் நாடியின் தசைக் கலங்கள். விசில் கேட்டால் கயிற்றைத் தளர்த்துவார்கள், கரை விலகும். விசிற்சத்தம் சில விநாடியில் அடங்கிவிடும். அதனால் ஓட்டம் இருக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

சிறுநீரக நோயாளியிடம் ஓட்டம் வருகிறது, காவலாட்களும் நிற்கிறார்கள், விசில் மட்டும் ஊதப்படுவதில்லை. காரணங்களில் ஒன்று அழகானது. ஆர்ஜினின் என்ற அமினோவமிலத்திலிருந்து ஒரு நொதியம் அந்த வாயுவைச் செய்கிறது. அந்த நொதியம்தான் விசில். ஆர்ஜினினைப் போலவே வேடமிட்ட ஒரு கழிவுப்பொருளும் நம் உடம்பில் உண்டாகிறது. அதை அகற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் அந்த வேடதாரி குருதியில் பெருகி, நொதியத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விசிலுக்குள் கச்சான் கோது சிக்கியதுபோல. விற்றமின் டியோ விசில் செய்து கொடுக்கும் பட்டறைக்காரன். அகவணிக் கலத்தின் கருவுக்குள் அதன் வாங்கி அமர்ந்து, நொதியத்துக்கான பரம்பரையலகை முடுக்கிவிடுகிறது. விலங்குகளிலும் கலங்களிலும் செய்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன.  

தோலும் ஈரலும் பாதிவரை செய்து அனுப்பும் விற்றமின் டிக்குக் கடைசித் தட்டைத் தட்டி வேலைக்குத் தயாராக்குவது சிறுநீரகம். சிறுநீரகம் போனபின் வெறும் விற்றமின் டியைக் கொடுத்து என்ன பயன் என்றுதான் வைத்தியர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் அகவணிக் கலத்திடமே அந்தக் கடைசி வேலையைச் செய்யும் நொதியம் கொஞ்சம் இருக்கிறது. மூலப்பொருள் வந்து சேர்ந்தால், சிறுநீரகத்தைக் கேளாமலே தன் தேவைக்கு அது செய்துகொள்ளும். சண்டிகாரில் நாடி விரிந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வரலாறு வேண்டும் என்போருக்கு: சிறுநீரகமே அந்தக் கடைசித் தட்டைத் தட்டுகிறது என்று 1970இல் கேம்பிரிஜில் பிரேசரும் கொடிசெக்கும் காட்டினார்கள். அகவணி ஏதோ ஒன்றைச் சுரந்து நாடியைத் தளர்த்துகிறது என்று 1980இல் பேர்ச்கொட் கண்டார். அது நைத்திரிக் ஒட்சைட்டு என்று தெளிந்தபின் 1998இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. போதும்.

இனி அந்த 5.49. மேற்கை நாடியின் விட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். அதில் ஐந்தரை வீதம் என்றால் 0.2 மில்லிமீற்றர் சொச்சம். இந்த அளவீட்டில் அது சின்னதல்ல, நல்ல விரிவுதான். ஆனாலும் 16 வாரத்தில் கண்டது நாடியின் ஒரு நடத்தை. மாரடைப்பு குறைந்ததா, பாரிசவாதம் குறைந்ததா, டயலிசிஸ் தள்ளிப்போனதா என்று சொல்ல அந்தச் சோதனை போதாது. குறைபாடு இல்லாதவர்கள் அதில் இல்லை. நீரிழிவுக்காரரும் இல்லை. உலகளவில் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் நீரிழிவுக்குத்தான், நம் கிளினிக் வாங்குகளில் அமர்ந்திருப்போரிலும் சீனி வருத்தக்காரர் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த எண்ணை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் நேரே எண்ணிய சோதனை யப்பானில் நடந்தது, 2018இல் வெளிவந்தது. டயலிசிஸ் செய்யும் 976 பேர், நான்கு ஆண்டு. ஒரு பாதிக்கு அல்பாகல்சிடோல், அதாவது சிறுநீரகத்தின் வேலை ஏற்கெனவே முடித்துக் கொடுக்கப்பட்ட வகை. மற்றப் பாதிக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இருதய, குருதிக்குழாய்ச் சம்பவங்கள் மருந்து எடுத்தவர்களில் 21.1 வீதம், எடுக்காதவர்களில் 17.9 வீதம். வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், ஆனால் நன்மை என்று எதுவும் இல்லை. அதற்கு முன் 2012இல் வந்த 227 பேர் சோதனையில், இதே குடும்பத்து மருந்தான பரிகல்சிடோல் 48 வாரத்திலும் இருதயத்தின் தடிப்பைக் குறைக்கவில்லை. நாடியைப் பற்றிய செய்தி கனடா சுற்றிக் களுவாஞ்சிகுடிக்கு வருகிறது. இந்தச் செய்திகளை ஒருவரும் பகிர்வதாகத் தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் பொஸ்பேற்று வெளியேறாமல் தேங்கும். தேங்கினால் நாடியின் தசைக் கலங்கள் தம் தொழிலை மறந்து எலும்புக் கலங்களாக நடிக்கத் தொடங்கும், சுவரில் கல்சியம் படியும். குடலிலிருந்து கல்சியத்தையும் பொஸ்பேற்றையும் உறிஞ்சித் தருவது யார்? இதே விற்றமின் டி. ஆய்வுகூடத்தில் ஓர் எலியின் நாடியைச் சுண்ணாம்பாக்க வேண்டுமென்றால் அதை அளவுமீறிக் கொடுப்பார்கள். சில எலிப்பாசாணங்களில் நஞ்சே அதுதான். குறைந்தாலும் நாடிக்குக் கேடு, மிஞ்சினாலும் கேடு. டயலிசிஸ் நிலைக்கு வராத நோயாளிகளுக்கு, தயாராக்கிய விற்றமின் டி வகைகளை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்று 2017இன் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டி சொல்வதில் இந்தப் பயத்துக்கும் பங்குண்டு.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வெயிலுக்கு என்ன பஞ்சம், குறைபாடு எப்படி வரும் என்று கேட்பீர்கள். வலை வீசுகிறவருக்கும் வயலில் நிற்பவருக்கும் அனேகமாக வராது. நோயாளி வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார். யன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும் வெயிலில் வேண்டிய கதிர் இல்லை. கறுத்த தோலுக்கு அதிக நேரம் வேண்டும். போதாததற்கு, விற்றமின் டியைச் சுமக்கும் புரதம் பழுதான சிறுநீரகத்தின் வழியே சிறுநீரில் ஒழுகிப்போகிறது.

அயலிலுள்ள பொலன்னறுவையையும் அதற்கப்பால் அனுராதபுரத்தையும் 1990களிலிருந்து வாட்டும், காரணம் துலங்காத சிறுநீரக நோயை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அது முதலில் தாக்குவது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை. விற்றமின் டிக்குக் கடைசித் தட்டைத் தட்டும் நொதியம் குடியிருப்பதும் அதே குழாய்களில்.

ஆக, அம்மணி, என் தீர்ப்பு: அப்பாவின் விற்றமின் டி, கல்சியம், பொஸ்பேற்று மூன்றையும் குருதியில் பார்த்து, குறைபாடு இருந்தால் வைத்தியர் சொல்லும் அளவில் கொடுங்கள். குறைபாடு இல்லையென்றால் வேண்டாம். கிளினிக்கில் அவருக்கு ஏற்கெனவே அல்பாகல்சிடோலோ கல்சியமோ தருகிறார்களா என்று துண்டைப் பாருங்கள். தருவதாக இருந்தால், வைத்தியரைக் கேளாமல் மேலே ஒரு குளிசையும் கூட்டவேண்டாம். அவருடைய நாடிகளை உண்மையில் காப்பவை பிரஷரும் சீனியும் கட்டுக்குள் இருப்பது, உப்புக் குறைவது, சிகரெட் இல்லாமை. முழங்கால் நோவென்று பாமசியில் சிறுநீரகத்துக்கு ஆகாத டைக்குளோபினாக் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.