மழைக்கோட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சென்னையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பெங்களூருக்குக் குடிவரும் குடும்பங்களின் மூட்டை முடிச்சுகளில் மழைக்கோட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே பெருமழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். குடை ஒன்று இருந்தால் சமாளித்துவிடலாம். நனைந்தாலும் உடம்பு அவ்வளவாக நடுங்காது. இந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 980 மில்லிமீட்டர், சென்னையைவிடக் குறைவுதான். ஆனால் மே மாதம் தொடங்கி அக்டோபர் தாண்டியும் அது பரவி நிற்கிறது. அதிலும் பெரும்பகுதி மாலையில், அலுவலகமும் தொழிற்சாலையும் விட்டு நாம் வண்டியை எடுக்கும் நேரத்தில் வந்து சேருகிறது.

ஆகவே இங்கே வேலைக்குச் சேர்ந்து இரு சக்கர வண்டி வாங்கிய எவரும் முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்கள். சாலையோரத்தில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு மேற்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்தே கிடைக்கின்றன. பெரிய கடையில் இரண்டாயிரம் என்கிறார்கள். வெளிநாட்டுப் பெயர் ஒட்டியது ஆறாயிரத்துக்கும் மேலே போகிறது. எல்லாமே தண்ணீர் புகாது என்றுதான் எழுதியிருக்கிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை? பல ஆண்டுகளாக இந்த ஊர் மழையில் வண்டி ஓட்டி வருபவன் என்ற முறையிலும், கடைகளில் துணியைத் திருப்பிப் பார்த்து விசாரித்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

ரப்பரிலிருந்து இன்றைய துணி வரை

1823-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மகின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் புகவில்லை. ஆனால் குளிரில் அந்தத் துணி விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டார். நம் நாட்டில் இந்தத் தொழிலை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சுரேந்திர மோகன் போஸ். 1920-இல் கல்கத்தாவில் அவர் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் 'டக்பேக்' என்ற பெயர் நம் தாத்தா, அப்பா காலத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

ரப்பர் பூச்சுக்கு ஒரு சங்கடம் உண்டு. வெளித் தண்ணீர் உள்ளே வராதது போலவே உள் வியர்வையும் வெளியே போகாது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டினால் அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாகிறது என்று கண்டார். அந்தத் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. வியர்வையின் ஆவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. இதுதான் 'கோர்டெக்ஸ்'. இன்று 'மூச்சு விடும் துணி' என்று விற்கப்படும் விலையுயர்ந்த கோட்டுகளில் இதுவோ இதைப் போன்ற வேறு படலமோதான் இருக்கிறது. ஆறாயிரத்தில் பெரும்பங்கு இதற்கும் பெயருக்குமே போகிறது.

நமக்கு அது வேண்டுமா?

மலையேறுபவருக்கு நிச்சயம் வேண்டும். மணிக்கணக்கில் ஏறும்போது அவருக்கு உள்ளே வியர்வை ஆறாக ஓடும். வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்கு அத்தனை வியர்ப்பதில்லை. எதிர்காற்று வேறு அடிக்கிறது. மழை நேரத்தில் வெளிக்காற்றிலும் ஈரம் மிகுந்திருப்பதால் ஆவி வெளியேறும் வேகமும் குறைந்துவிடும். ஆகவே முக்கால் மணி நேரப் பயணத்துக்கு, முதுகுப் பக்கம் காற்று போக ஒரு மடிப்புத் திறப்பு உள்ள சாதாரணக் கோட்டே போதும். சைக்கிள் மிதித்துப் போகிறவர்களும், மாடி மாடியாக ஏறிப் பொருள் கொடுக்கும் பையன்களும் மட்டும் இந்தப் படலத்துக்குக் காசு கொடுப்பதில் பொருள் உண்டு.

பார்க்க வேண்டியது தையலை

மழைக்கோட்டு ஒழுகுவது பெரும்பாலும் துணி வழியாக அல்ல, ஊசி போட்ட துளை வழியாகத்தான். துணியின் வலிமையை அளக்க, அதன்மேல் நீர் நிரம்பிய குழாயை நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். 5,000, 10,000 என்று சீட்டில் அச்சிட்டிருப்பது அந்த உயரம்தான். அந்த எண் துணிக்கு உரியது. தையலுக்கு உள்புறம் பட்டை ஒட்டாவிட்டால் எண்ணால் பயனில்லை.

வண்டியில் போகும்போது இது இன்னும் முக்கியம். பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. நாம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே போனால் அது நம்மேல் மோதும் வேகம் நொடிக்குப் பதினாறு மீட்டரைத் தாண்டும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், நிற்பவர்மேல் விழுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் துளி தாக்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரை நனைக்காத கோட்டு, வண்டிக்காரரின் நெஞ்சில் ஒழுகுவது இதனால்தான். ஈர இருக்கையில் நம் எடை அழுத்துவதால் கால்சட்டையின் நடுத்தையலும் சீக்கிரம் தோற்றுப்போகும்.

கடையில் செய்ய வேண்டியவை இவை:

1. கோட்டை உள்புறம் திருப்புங்கள். தோள், அக்குள், கால்சட்டையின் நடுத்தையல் மூன்றிலும் பளபளப்பான பட்டை விடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

2. ஜிப்புக்கு மேல் மூடும் மடிப்பு இருக்க வேண்டும். அது இரட்டையாக இருந்தால் நல்லது.

3. போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் மடங்கும்போது கால்சட்டை மேலேறும். அப்போதும் அது காலணியின் வாயை மூட வேண்டும். சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கும் அளவுக்குத் தொங்கவும் கூடாது. பெண்கள் அணியும் நீளமான போர்வை மாதிரிக் கோட்டுகளில் இந்த ஆபத்து அதிகம்.

4. நிறம் வெளிச்சமாக இருக்கட்டும். மாலை இருட்டில், மழையில், கறுப்புக் கோட்டு பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் படாது. ஒளி பட்டால் மின்னும் பட்டை முதுகில் இருப்பது அவசியம்.

ஒரு சிறு கணக்கு

இந்த ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 நாள் குறிப்பிடத்தக்க மழை பெய்கிறது. வண்டியில் போகும் ஒருவர் அதில் 40 நாள் மாட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 600 ரூபாய்க் கோட்டு ஒரு பருவம் தாங்கினால் நாளுக்கு 15 ரூபாய். 2,000 ரூபாய்க்குப் பட்டை ஒட்டியது மூன்று பருவம் வந்தால் நாளுக்குச் சுமார் 17 ரூபாய். 6,000 ரூபாய்க் கோட்டு ஐந்து பருவம் உழைத்தால் 30 ரூபாய். மலிவுக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு இரண்டே ரூபாய். அந்த இரண்டு ரூபாயில் நனையாமல் வீடு வந்து சேரலாம். இதே ஆறாயிரத்தை, ஆண்டுக்கு ஐந்து நாள் மட்டும் வண்டி எடுப்பவர் கொடுத்தால் நாளுக்கு 240 ரூபாய் ஆகிறது.

இந்தக் கணக்கை வீட்டுக்குள்ளும் போட்டுப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் நான் காண்பது தலைகீழாக இருக்கிறது. அலுவலக வண்டியில் போய்வரும் மகனிடம் விலையுயர்ந்த கோட்டு இருக்கும். விடியற்காலையில் காவல் வேலைக்குப் போகும் அப்பாவோ, கூடையில் பூ விற்கும் அம்மாவோ பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கிளம்புவார்கள். 'எனக்கு எதுக்குப்பா அவ்வளவு விலையில?' என்று அவர்களே சொல்லவும் செய்வார்கள். மழையில் யார் அதிக மணி நேரம் நிற்கிறாரோ அவருக்குத்தான் நல்ல கோட்டு உரியது. ஈர உடையில் எதிர்காற்று பட்டால் விரல்கள் விறைக்கும். பிரேக் பிடிக்க ஒரு கணம் தாமதமாகும். அந்த ஒரு கணத்தின் விலையை எந்தக் கடையிலும் கேட்க முடியாது.

முழங்கால் பூட்ஸ்

தெருவில் தேங்கும் நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு காயம் வழியே கிருமியைச் செலுத்தி எலிக்காய்ச்சலை உண்டாக்கும். அந்த நீரில் நின்று வேலை செய்பவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் கட்டாயத் தேவை. அடிப்பகுதியில் ஆழமான வரிகள் இருக்க வேண்டும். அளவு சற்றும் தொளதொளவென்று இருக்கக்கூடாது.

ஆனால் பூட்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் வெள்ளத்தில் இறங்கக்கூடாது. அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் மார்பு வரை ஏறும் நீர்புகாக் கால்சட்டை அணிவதுண்டு. நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவார்கள். அதன்மேலும் இடுப்பில் பட்டை கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கால் தவறி விழுந்தால் உள்ளே நீர் புகுந்து நிரம்பி எழ முடியாமல் போய்விடும் என்பதே காரணம். நம் பூட்ஸும் விளிம்பைத் தாண்டி நீர் ஏறினால் அப்படித்தான் கனத்துவிடும்.

2022 செப்டம்பர் 4, 5 தேதிகளில் 24 மணி நேரத்தில் இங்கே 131.6 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் படகிலும் டிராக்டரிலும் மக்களை ஏற்றி வந்தார்கள். 2023 மே 21-ஆம் தேதி கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2024 ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் பெய்தது. இத்தகைய நாளில் ஆறாயிரமும் அறுநூறும் ஒன்றுதான். திறந்த சாக்கடை எங்கே, சாலை எங்கே என்று தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த ஊருக்கும் பொருந்தும். மேடான இடத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே அறிவு.

பராமரிப்பு

ஈரக் கோட்டை மடித்து வண்டிப் பெட்டிக்குள் மறந்துவிடாதீர்கள். பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். சூடான சைலன்சரில் பட்டால் பிளாஸ்டிக் கால்சட்டை உருகி ஒட்டிக்கொள்ளும், வலக்காலைக் கவனியுங்கள். பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும்.

முதல் மழை விழுந்த பிறகு கடைக்கு ஓடினால் நின்று பார்த்து வாங்க அவகாசம் இருக்காது. சித்திரை முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். பத்து நிமிடம் கோட்டை உள்புறம் திருப்பித் தையலைப் பார்க்க அந்த மாதத்தில்தான் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். உங்கள் வீட்டில் நீண்ட நாள் உழைத்த கோட்டு ஏதேனும் இருந்தால், அது எப்படித் தைக்கப்பட்டிருந்தது என்று சங்கத்துக்கு எழுதுங்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உதவியாக இருக்கும்.