வீட்டு வானலைக்கும் ஒரு தாழ்ப்பாள்

கம்பியில்லாத் தந்திக்கும் புனே நகருக்கும் உள்ள உறவு பழமையானது. இந்தியாவையும் இங்கிலாந்தையும் நேரே இணைத்த 'பீம்' கம்பியில்லாத் தந்தித் தொடர்பு 1927ஆம் ஆண்டில் தொடங்கியபோது, செய்திகளை அனுப்பும் நிலையம் புனேயை அடுத்த கட்கியிலும், வாங்கும் நிலையம் தவுண்டிலும் அமைந்தன. அலைகளைச் சிதறவிடாது ஒரு திசையில் குவித்து அனுப்புவதே அம்முறையின் சிறப்பு. இன்று நம் வரவேற்பறையின் மூலையில் சிறு விளக்குகள் மின்ன வீற்றிருக்கும் ரவுட்டர் என்னும் பெட்டியும் ஒரு கம்பியில்லா நிலையந்தான். ஆனால் அது பெரும்பாலும் நாற்புறமும் பரவலாகவே பேசுகிறது. செங்கல் சுவர் அதன் குரலைச் சற்றுத் தணிக்குமேயன்றி அடக்கிவிடாது.

இதனை அறிய நூல் எதுவும் வேண்டுவதில்லை. கோத்ரூடிலோ கரடியிலோ ஓர் அடுக்குமாடி வீட்டின் மாடத்தில் நின்று கைப்பேசியின் வைஃபைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வரிசையாய்த் தோன்றும். சில, குடும்பப் பெயர்கள். சில, வீட்டு எண்கள். அண்டை வீட்டாரின் அலை நம் மாடத்திற்கு வருமாயின், நம் அலையும் அவர்கள் மாடத்திற்கும், கீழே தெருவோரம் நிற்கும் வண்டிக்கும் செல்லும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சென்றால் என்ன, கொஞ்சம் இணையத்தை எவரேனும் இரவல் வாங்கிக்கொள்ளட்டுமே என்று பெருந்தன்மையோடு கேட்பவர் உண்டு. அவர்கள் 2008ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஜூலை 26 அன்று ஆமதாபாத் நகரில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர், செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று துப்புத் துலக்கிய காவல்துறையினர், நவி மும்பையில் வசித்துவந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தனர். அவருடைய கணினிகள் சோதனைக்கு எடுத்துச் செல்லப்பட்டன, அவர் விசாரிக்கப்பட்டார். அவர் செய்த பிழை குற்றமன்று. அவரது வைஃபைக்குப் போதிய காவல் இல்லாமற் போனதுதான். அதன் வழியே வேறு எவரோ புகுந்து அஞ்சலை அனுப்பியிருந்தனர்.

அத்துடன் அது நிற்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பும், செப்டம்பர் 13 அன்று தில்லிக் குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் இணைப்பும் இதே வகையில் பயன்பட்டன. அக்டோபர் மாதத்தில் மும்பைக் காவல்துறை கைது செய்தோருள் புனேயில் வசித்த மென்பொருள் வல்லுநர்களும் இருந்தனர். மடிக்கணினியுடன் வண்டியில் சுற்றி, பூட்டில்லாத இணைப்புகளைத் தேடிப் பிடித்தனர் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. இதன் பின்னரே, 2009இல், மத்திய தொலைத்தொடர்புத் துறை வைஃபை இணைப்புகளைக் காப்புடன் வைத்திருக்க வேண்டும் என்று இணையச் சேவை வழங்குவோர்க்கு அறிவுறுத்தியது.

வெளியுலகிற்கு ஒரு வீட்டின் கருவிகள் அனைத்தும் பொதுவாக ஒரே முகவரியோடுதான் தோன்றும். அம்முகவரி சந்தாதாரரின் பெயரில் பதிவாகியிருக்கும். எனவே எவர் தவறு செய்யினும் முதற்கேள்வி சந்தாதாரரை நோக்கியே வரும். வங்கிக் கணக்கு பறிபோகும் என்று அஞ்சுவோரே மிகுதி. உண்மையில் இன்று வங்கிகளின் தளங்கள் தாமே தனி மறைமொழியில் பேசுவதால், அந்த அச்சத்தைவிட இந்த முகவரிச் சிக்கலே பெரிது என்பது நம் கருத்து.

இனி, தாழ்ப்பாளைப் பற்றிப் பார்ப்போம். வைஃபைக்கென முதன்முதல் வகுத்த மறைமொழி முறை 1997இல் வந்த 'வெப்'. நான்கே ஆண்டுகளில், 2001இல், அதன் அடிப்படைக் குறையை ஆய்வாளர் வெளிப்படுத்தினர். இன்று சில நிமிடங்களில் அதை உடைத்துவிடலாம். அடுத்து 2003இல் 'டபிள்யூ.பி.ஏ.', 2004இல் அதன் இரண்டாம் பதிப்பு, 2018இல் மூன்றாம் பதிப்பு என முறைகள் வளர்ந்தன. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் மூன்றாம் பதிப்பு காணப்பட்டால் அதனைத் தேர்ந்தெடுப்பது நலம். பழைய கருவிகள் அதற்கு இணங்காவிடில் 'ஏ.இ.எஸ்.' என்னும் மறையாக்கத்துடன் கூடிய இரண்டாம் பதிப்பு போதும். 'வெப்' மட்டுமே அறிந்த பெட்டியைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

அந்த அமைப்புப் பக்கத்தை அடைவது எப்படி? பெட்டியின் அடிப்புறச் சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஓர் எண் அச்சிட்டிருக்கும். கணினியின் உலாவியில் அதனைத் தட்டினால் ஒரு வாயில் திறக்கும். இங்கேதான் பலர் மயங்குகின்றனர். கடவுச்சொற்கள் இரண்டு: ஒன்று வைஃபையில் சேர்வதற்கு; மற்றொன்று பெட்டியையே ஆள்வதற்கு. முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதைத் தொழிற்சாலையில் இட்ட 'அட்மின்' என்னும் சொல்லாகவே விட்டுவைப்பது, வாசற்கதவைப் பூட்டிச் சாவிக்கொத்தை முற்றத்தில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். 2016இல் 'மிராய்' என்னும் தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தியது இத்தகைய மாற்றப்படாத சொற்களைக் கொண்டுதான்.

நம் வீட்டிற்கு இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் வேலையைச் சுறுசுறுப்பாக முடித்து, நமது கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக இட்டுவிட்டு, மறக்கவே மாட்டீர்கள் என்று மகிழ்ச்சியுடன் கூறிச் சென்றார். நாமும் ஓராண்டுக்காலம் மகிழ்ந்திருந்தோம். பின்னர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கமுடையவை. முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்று. ஆகவே மொத்தம் 400 கோடி எண்களே இருக்கக்கூடும். இணைப்பு ஏற்படும் தருணத்தில் பரிமாறப்படும் அலைகளை ஒருவன் பதிவு செய்து கொண்டு போனால், இரண்டாம் பதிப்பில், வீட்டிலிருந்தபடியே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். நொடிக்கு ஐந்து இலட்சம் எண்களைச் சோதிக்கும் வரைகலைச் செயலி கடையிலேயே கிடைக்கிறது. 400 கோடியை அதனால் வகுத்தால் 8,000 நொடி. இரண்டேகால் மணி நேரங்கூட ஆகாது. எண்ணை முன்பே அறிந்த அண்டை வீட்டாருக்கோ ஒரு நொடி போதும்.

ஆதலின் நீளமே பலம். வைஃபைக் கடவுச்சொல் 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை அமையலாம். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, இடையே இரண்டொரு எண்ணை நுழைத்தால் நினைவிலும் நிற்கும், எளிதில் உடையவும் உடையாது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டா.

'டபிள்யூ.பி.எஸ்.' என்னும் வசதியையும் அணைத்துவிடுக. அது எட்டிலக்க எண் ஒன்றால் இயங்குவது. எட்டு இலக்கம் எனில் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் பெட்டி அந்த எண்ணை இரு பாதியாகத் தனித்தனியே சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணிக்கத்தக்கது. ஆகையால் 11,000 முயற்சிகளே தேவை என்பது 2011இல் வெளியாயிற்று. வெளியிலிருந்து பெட்டியை ஆளும் வசதியும் இல்லத்தார்க்குத் தேவையில்லை. இணைப்பின் பெயரை மறைத்து வைப்பதால் பயன் சிறிது. தேடுவோர்க்கு அது எளிதிற் புலப்படும். பெட்டியின் உள்நிரலை அவ்வப்போது புதுப்பிப்பது அதைவிடப் பயன் தரும்.

விருந்தினர்க்கு என்ன செய்வது? கேட்ட உறவினர்க்குச் சாவியை மறுப்பது நம் வழக்கமன்று. பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினர் இணைப்பு என்று தனியே ஒன்று உண்டு. அதற்கு வேறு கடவுச்சொல் இட்டால், வந்தவர் இணையத்தைக் காண்பார். நம் கணினியையும் அச்சுப்பொறியையும் காணார். தொலைக்காட்சியையும் கண்காணிப்புக் கேமராவையுங்கூட அந்தப் பக்கமே ஒதுக்கிவிடலாம்.

நாம் இவற்றையெல்லாம் ஒரு ஞாயிறு மாலை செய்து முடித்தோம். கடவுச்சொல் மாறியவுடன் வீட்டிலுள்ள கருவிகள் யாவும் ஒருங்கே மௌனமாயின. ஒவ்வொன்றாகப் புதுச்சொல்லை ஊட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. தொடர் நாடகத்தின் நடுவில் திரை இருண்டதைத் தாயார் இன்னும் மன்னிக்கவில்லை.