மின்மினியைப் பற்றி இயந்திரத்திடம் கேட்போமா?

மாணவர்களே, 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டிலிருந்தே படித்தது நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடங்கியது. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளிவந்தது. இன்று இயங்கலைப் பாடம் என்றாலே பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு உரையாடியும் திறந்திருக்கிறது. கேள்வியைத் தட்டுகிறோம், பதில் வருகிறது, அதை அப்படியே ஒட்டி அனுப்புகிறோம். வேலை முடிந்தது. ஆனால், நாம் எதையாவது கற்றோமா?

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உரையாடி கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பயிற்சி பெற்றது. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டே அது எழுதுகிறது. ‘மின்மினி இரவில்’ என்று தொடங்கினால் அடுத்து ‘ஒளிரும்’ என்று வரக்கூடும். எந்தப் பொருளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறதோ, அதில் அது பெரும்பாலும் சரியாகச் சொல்லும். கோலசிலாங்கூரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. அந்த இடைவெளியை வேறு ஊர்ச் செய்தியால் அது நிரப்பிவிடலாம். அப்போதும் அதன் நடையில் தயக்கம் தெரியாது.

ஆகவே, நமக்கு நன்கு தெரிந்த ஒன்றைக் கேட்டுச் சோதிப்போம். கம்போங் குவாந்தானின் மின்மினிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நால்வர் கொண்ட குழுவுக்கு ஒரு கைப்பேசி போதும். தோட்டத்து வீட்டில் லைன் கிடைக்காதவர்களும் இப்படிக் கலந்துகொள்ளலாம்.

முதல் படி: கைப்பேசியைத் தொடாமல், உங்களுக்குத் தெரிந்த ஐந்து செய்திகளைத் தாளில் எழுதுங்கள். ஆற்றோரம் வாழ்ந்த தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள்.

இரண்டாம் படி: உரையாடிக்கு ஒரு வேலை கொடுங்கள். “நீ என் அறிவியல் ஆசிரியர். விடையைச் சொல்லாதே. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள். நான் தவறினால் சிறு குறிப்பு கொடு” என்று தட்டுங்கள். 2023-இல் கான் அகாடமி அறிமுகப்படுத்திய கான்மிகோவும் இதே எண்ணத்தில்தான் அமைக்கப்பட்டது. அது விடையை நீட்டாமல், மாணவரைக் கேள்வி கேட்டு யோசிக்க வைக்க முயல்கிறது.

மூன்றாம் படி: இப்போது நீங்கள் கேளுங்கள். இந்த மின்மினி எந்த இனம்? அதன் புழு எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது? அதன் ஒளி ஏன் சுடுவதில்லை?

நான்காம் படி: ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்து ‘சரி’, ‘தவறு’, ‘தெரியவில்லை’ என்று குறியிடுங்கள். ஆசிரியருக்கு உரையாடலோடு உங்கள் திருத்தங்களையும் அனுப்புங்கள். ஆசிரியர்களே, புள்ளிகளைத் திருத்தங்களுக்கே கொடுங்கள்.

சரிபார்க்க உதவும் செய்திகள் இதோ. இங்குள்ள முக்கிய இனம் டெரோப்டிக்ஸ் டெனர். வளர்ந்த மின்மினிகள் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் கூடி, ஒரே தாளத்தில் மின்னும். உடலில் உள்ள லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் உயிர்வளியோடு வினைபுரிகிறது. அந்த வினையில் மிகக் குறைந்த வெப்பமே உண்டாகிறது. அதனால்தான் கையில் பிடித்தாலும் சுடுவதில்லை. புழுக்களோ மரத்தில் வாழ்வதில்லை. கரைக்குப் பின்னால் உள்ள ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன.

இந்தக் கடைசிச் செய்தியை உரையாடி விட்டுவிட்டதா, அல்லது புழுவும் மரத்திலேயே வாழும் என்றதா? மதிப்பெண்ணில் அது சிறு தவறுதான். ஆனால், அதை நம்பிய ஒருவர் கரையோரம் ஒரு வரிசை மரத்தை மட்டும் விட்டுவிட்டு, பின்னாலுள்ள நிலத்தைத் துப்புரவாக்கிச் செம்பனை நட்டால் என்ன ஆகும்? மரம் நிற்கும். புழு வாழ இடம் இருக்காது. சில ஆண்டுகளில் அந்த மரம் இருண்டுவிடும். நம் ஊரைப் பற்றிய பதிலைத் திருத்த நம் ஊர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

சில எச்சரிக்கைகள்: உங்கள் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, படம் எதையும் உரையாடியிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு செயலிக்கும் வயது வரம்பு உண்டு. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

‘தெரியவில்லை’ என்று குறித்த வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, ஓர் இரவு குடும்பத்தோடு படகில் போய்ப் பாருங்கள். படகோட்டியிடம் கேளுங்கள். கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் வேண்டாம். அவை மின்மினிகளின் ஒளிச்சைகையைக் குழப்பிவிடும்.