நினைவு மங்கினாலும் விருப்பம் மங்குவதில்லை

"உங்கள் தாயாரை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம்" என்று மருத்துவர் கேட்கும்போது, டிமென்ஷியா எனும் மறதிநோயால் பாதிக்கப்பட்டு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்வோரின் குடும்பத்தினர் திகைத்துப் போவது இயல்பே. காலையில் உண்டதையே நினைவுகூர இயலாதவரிடம் எவ்வாறு ஒப்புதல் பெறுவது? அவருக்காக நாம் முடிவெடுப்பது முறையாகுமா?

இத்தகையோரை ஆய்வுகளிலிருந்து விலக்கிவிடுவதே பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நோயின் தொடக்கநிலையில், வேறு உடற்கோளாறுகள் இல்லாதவர்களிடம் மட்டும் சோதித்த சிகிச்சையை, நோய் முற்றிப் பல மருந்துகளை உட்கொள்ளும் முதியவருக்கும் அளிக்க நேரும். அது அவருக்கு நன்மை தருமா, தீங்கு செய்யுமா என்பதை அறிய வழியிராது.

இங்கிலாந்தில் நடைபெற்ற 'வெல்ட்' என்னும் ஆய்வு இதற்கு நல்ல சான்று. 2018ஆம் ஆண்டு அதன் முடிவுகள் வெளியாயின. 69 பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த, மறதிநோயுள்ள 847 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் விருப்பங்களையும் அறிந்து பராமரிக்கவும், அவர்களோடு உரையாடவும் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மனநோய் மருந்துகள் தேவைதானா என்பதும் மறுஆய்வு செய்யப்பட்டது. 9 மாதங்களில், வழக்கமான பராமரிப்பைப் பெற்றோரைவிட இவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, மனக்கிளர்ச்சி குறைந்தது. அம்முதியோர் பங்கேற்றிராவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஒப்புதல் குறித்து, இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் தெளிவான வழிகாட்டுகிறது. நோயின் பெயரைக் கொண்டே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை எனக் கருதலாகாது. எளிய சொற்களில், அவர் தெளிவாக இருக்கும் வேளையில், விளக்கிக் கேட்க வேண்டும். அதன் பின்னும் அவரால் முடிவெடுக்க இயலாவிட்டால், ஊதியம் பெறாமல் அவர் நலனில் அக்கறை கொண்ட உறவினர் அல்லது நண்பரிடம் ஆய்வாளர் கருத்துக் கேட்பார். அங்கே எழுப்பப்படும் வினா, "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்பதன்று, "திறன் இருந்திருந்தால் அவர் என்ன விரும்பியிருப்பார்?" என்பதே.

இந்த வேறுபாடு நுட்பமானது. ஆயினும் குடும்பத்தினரின் பாரத்தைக் குறைக்க வல்லது. தாயாரின் வாழ்நாள் இயல்பை நீங்கள் அறிவீர்கள். பிறருக்கு உதவுவதில் மகிழ்ந்தவரா? ஊசி என்றாலே அஞ்சியவரா? அந்நியர் கேள்வி கேட்பதை வெறுத்தவரா? அவர் சார்பில் நீங்கள் கூற வேண்டிய சாட்சியம் அதுவே.

உறவினர் இசைந்த பின்னரும் இறுதிச் சொல் முதியவருடையதே. கையை விலக்கிக்கொள்வதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும், எழுந்து செல்வதும் மறுப்பின் அடையாளங்களாகலாம். அவர் மறுப்பதாகத் தோன்றினால் அச்செயலை நிறுத்திவிட வேண்டும் என்கிறது அச்சட்டம்.

நம் நாட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஒப்புதல் அளிக்க இயலாதவர் சார்பில் சட்டப்படியான பிரதிநிதி ஒப்புதல் தரலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி ஆய்வைத் தொடங்கலாகாது. எந்நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. அதனால் சிகிச்சை பாதிக்கப்படலாகாது.

எனவே, கையொப்பமிடும் முன் தயங்காது கேளுங்கள்: இதனால் அவருக்கு என்ன நன்மை, என்ன இடர்? எத்தனை முறை வருவீர்கள்? அவர் மறுப்பதை எவ்வாறு அறிவீர்கள்? விவரத் தாளைத் தமிழில் கேட்டுப் பெறுங்கள். "வேண்டாம்" என்று கூறுவதும் முழுமையான விடையே.

மறதிநோய் தொடக்கநிலையில் உள்ளதெனில், இன்றே அவரருகில் அமர்ந்து அவர் விருப்பத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். பின்னாளில் நீங்கள் ஊகிக்க வேண்டியிராது. அவர் சொல்லே உங்களுக்குத் துணை நிற்கும்.