ஜெர்மனியில் பொறியியல்: முதலில் மொழி, பிறகு பயணம்

வேலந்தாவளம் எல்லையைத் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழைந்தவுடன் வரும் கோழிப்பாறையை நம்மில் பலர் அறிவோம். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. 2015-ஆம் ஆண்டு பாலக்காடு ஐ.ஐ.டி. தன் முதல் வகுப்புகளைத் தொடங்கியது இங்கே ஒரு தற்காலிக வளாகத்தில்தான். நிரந்தர வளாகம் பின்னர் கஞ்சிக்கோட்டில் அமைந்தது. புதிதாகப் பிறந்த அந்த நிறுவனத்தைக் கைப்பிடித்து நடத்தும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்குத் தரப்பட்டது. அந்தச் சென்னை ஐ.ஐ.டி.யே ஜெர்மானியரின் கைபிடித்து நடை பழகியதுதான்.

1956-இல் அன்றைய மேற்கு ஜெர்மனி அரசு, இந்தியாவில் ஓர் உயர் பொறியியல் கல்வி நிலையம் அமைக்க உதவுவதாக முன்வந்தது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜெர்மனியிலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள், ஆய்வகங்களுக்கும் பட்டறைக்கும் கருவிகள் வந்தன, நம் ஆசிரியர்கள் அங்கே சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் மாணவர்கள் கணக்கும் இயற்பியலும் படித்ததோடு ஜெர்மன் மொழியும் படித்தார்கள். இயந்திரத்தைச் செய்தவனின் மொழியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். அது இன்றும் சரியான எண்ணமே என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

காரணம் இருக்கிறது. அண்மைக் காலமாக ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம் வகிக்கிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே அவர்கள் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தை நெருங்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறையிலும் சரி, மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டப் பகுதிகளிலும் சரி, பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பேச்சு எழாமல் இல்லை. "படிப்பு இலவசம், ஆங்கிலம் போதும்" என்று முகவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைப் பெற்றோர் தெரிந்துகொண்டாக வேண்டும்.

முதலில் பணம். பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மைதான். பருவத்துக்கு ஒருமுறை நூறு முதல் முந்நூற்றைம்பது யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் அதைவிடக் கூடுதலான கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டது. இதைவிடப் பெரிய செலவு வேறு. விசா கேட்கும் மாணவன், ஓராண்டு உண்டு உறங்க வழியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்றில் பணம் போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. நம் கணக்கில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். அங்கே போய்ச் சேர்ந்த பின் மாதாமாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம்.

சித்தூர் தாலுகாவில் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளவருக்கு வங்கிக் கடன் பெரிய மலையல்ல. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. குடியிருக்கும் லயன் வீடு கம்பெனிக்குச் சொந்தம். ஓய்வு பெற்றால் அதையும் விட வேண்டும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். பட்டா இல்லாதவர் எதை ஈடு வைப்பார்? வட்டிக்கு வாங்கி, நகையை விற்று அனுப்பிய பிறகு பிள்ளை பாதியில் திரும்பினால் அந்தக் குடும்பம் எழுந்திருக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதியில் திரும்புவது அங்கே நடக்காத காரியமும் அல்ல. பல பாடத்திட்டங்களில் ஒரே தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பு அத்தோடு முடிந்தது. அதே படிப்பில் இன்னொரு ஜெர்மன் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. அரியர் வைத்து மெதுவாக முடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. மதிப்பெண்ணும் தலைகீழ்: 1 என்றால் முதல் தரம், 5 என்றால் தோல்வி.

"ஆங்கிலம் போதும்" என்பதற்கு வருவோம். முதுகலையில் ஆங்கிலவழிப் பொறியியல் படிப்புகள் நிறைய உண்டு. இளநிலையில் பெரும்பாலும் ஜெர்மன்தான். பட்டம் பெற்றவர் வேலை தேட 18 மாதம் அனுமதி கிடைக்கிறது. ஆனால் சிற்றூர்த் தொழிற்சாலையில், பட்டறை மேலாளரோடும் தொழிலாளியோடும் பேச வேண்டிய பொறியாளருக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் அந்தப் பதினெட்டு மாதம் பறந்துவிடும். படிக்கும் காலத்தில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்ற சலுகையும் மொழி தெரிந்தவருக்கே முழுதாகப் பயன்படும்.

ஜெர்மன் கடினம் என்று பயமுறுத்துவார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குக் கடினம்தான். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை. "அவன் நாளை வருவான் என்று நினைக்கிறேன்" என்பதில் வினை தன் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது அல்லவா? ஜெர்மனிலும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குத்தான் போகும். 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ஜெர்மனில் 'டூ', 'ஸீ' என்று இருக்கிறது. பேராசிரியரை 'டூ' என்று அழைத்தால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. சொற்களைச் சேர்த்து நீளமாக ஒட்டும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. இடறும் இடம் பால் வேறுபாடு. அங்கே சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லோ அஃறிணை போன்ற மூன்றாம் பால்! இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம், கூடவே கொஞ்சம் இந்தி என்று வளர்ந்த எல்லைப்புறப் பிள்ளைக்கு ஐந்தாவது மொழி ஒரு பாரமா?

ஆனால் நேரம் வேண்டும். பி-2 என்ற நிலையை எட்ட நாற்பத்தைந்து நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை ஆகும் என்பது கணக்கு. ஆறு மாத அவசரப் பயிற்சியில் இது வராது. பொறியியல் கல்லூரியின் நான்கு ஆண்டுகளில் தாராளமாக வரும். அதனால்தான் எங்கள் ஆலோசனை இது: பிளஸ் டூ முடித்தவுடன் அனுப்பத் துடிக்க வேண்டாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் தேறாத பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் 'ஸ்டூடியன்கொல்லெக்' என்ற ஆயத்தக் கல்லூரியில் இரண்டு பருவம் படித்துத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பதில் பைனாவில் உள்ள இடுக்கி அரசு பொறியியல் கல்லூரியிலோ, ஸ்ரீகிருஷ்ணபுரத்திலோ, கோவையிலோ குறைந்த செலவில் பட்டம் முடித்து, கூடவே ஜெர்மனும் கற்று, முதுகலைக்குப் போகலாம். செலவு பாதி, பிள்ளைக்கு முதிர்ச்சி இரு மடங்கு. தேர்வு எழுதச் சென்னை மாக்ஸ்முல்லர் பவன், திருவனந்தபுரம் கோதே மையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களையே நாடுங்கள்.

ஈடு வைக்க ஒன்றுமில்லாத குடும்பத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. 'அவுஸ்பில்டுங்' என்னும் தொழிற்பயிற்சி. வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் தொழிற்சாலை; மூன்று அல்லது மூன்றரை ஆண்டு. மெக்கட்ரானிக்ஸ், மின்துறை, இயந்திரத்துறை எல்லாம் இதில் உண்டு. கட்டணம் கட்டுவதற்குப் பதில் மாதந்தோறும் உதவித்தொகை கைக்கு வரும். பொதுவாக பி-1 அளவு ஜெர்மன் கேட்பார்கள். "பட்டம் இல்லையே" என்று நம்மவர்கள் முகம் சுளிப்பது வீண். அங்கே பட்டறை ஆசான் என்பவர் மதிப்புள்ள மனிதர். 'மைஸ்டர்' தேர்வு தேறியவர் பிறகு பல்கலைக்கழகத்திலும் சேரலாம். இந்த இடத்தைப் பெற்றுத் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். சிறிதென்றாலும் பலரை அலைக்கழிப்பது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டு என்றிருந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைப் புதுடில்லியில் உள்ள ஏ.பி.எஸ். அலுவலகம் சரிபார்த்த பிறகே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடிகிறது. அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கு ஜூலை 15 வழக்கமான கடைசி நாள். பல ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகளுக்கு அதற்கும் முன்னதாகவே கதவு மூடிவிடும். ஆகவே பெயர்த் திருத்தத்தைப் பிள்ளை கல்லூரியில் சேரும் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். ஏ-1 வகுப்பையும் அதே ஆண்டில் தொடங்கச் சொல்லுங்கள்.